பழைய கிராண்ட் பேங்க்ஸின் இரண்டு குளியலறைகள்

படகில் குளியலறைகளைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டது, "என்ன டைல்ஸ் போடப் போறீங்க?" என்பதுதான். என்ன ஹோஸ் போடப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் பைப்பிங் வேலை பார்த்தவன் நான். எனக்கு முதலில் மனசில் வருவது அந்தக் கேள்விதான். பழைய படகின் குளியலறையில் காசும் நேரமும் முதலில் போக வேண்டிய இடம் சுவருக்குப் பின்னாலும் தரைக்குக் கீழேயும்தான். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

படகு என் அத்தானுடையது. கிராண்ட் பேங்க்ஸ் 42, 1986-ல் இங்கே சிங்கப்பூரிலேயே கட்டியது. இந்தப் படகுகளை அமெரிக்கன் மரீன் என்ற நிறுவனம் முதலில் ஹாங்காங்கில் மரத்தில் கட்டியது. அப்புறம் சிங்கப்பூரிலும் பட்டறை திறந்தார்கள். 1973-ல் ஃபைபர்கிளாஸுக்கு மாறினார்கள். அதற்குப் பிறகும் பழைய உருவத்தை விட அவர்களுக்கு மனசு வரவில்லை. ஃபைபர்கிளாஸ் ஹல்லிலும், அதாவது படகின் வெளி உடலிலும், பலகை அடித்ததுபோலக் கோடுகள் ஓடும். உள்ளே எங்கே பார்த்தாலும் தேக்கு. கட்டியவற்றில் நிறைய அமெரிக்காவுக்குத்தான் போயின. கட்டிய ஊரிலேயே ஒன்று கைக்குக் கிடைத்ததில் அத்தானுக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்தான். இரண்டு எஞ்சினும் நல்ல நிலையில் இருந்தன. குளியலறைகள்தான் 1986-லேயே நின்றுவிட்டிருந்தன.

முன் கேபினுக்கு ஒன்று, பின்னால் பெரிய கேபினுக்கு ஒன்று. இரண்டிலும் வெளிர் பழுப்பு மைக்கா ஒட்டிய சுவர். ஓரங்களில் பசை விட்டு மைக்கா தூக்கிக்கொண்டு நின்றது. தேக்குச் சட்டங்களில் கறுப்புக் கறை. மங்கலான ஒரு குழல் விளக்கு. இதெல்லாம் பார்வைக்குத் தெரிந்த குறை. அக்கா சொன்னது வேறு. "தம்பி, அங்க போய்ட்டு வந்தாலே தலைவலி வருது. நான் ராத்திரி தங்க மாட்டேன்." அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தாழ்வான அந்தப் பழைய டாய்லெட்டில் உட்கார்ந்து எழுவதும் அவருக்குக் கஷ்டம். அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. வாடையைத்தான் சொன்னார்.

படகுக் கழிவறை வாடையில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஃபினாயில் ஊற்றிப் பயன் இல்லை. முதலாவது அழுகிய முட்டை வாடை. கடல்நீரால் அலசும் டாய்லெட்டில், உள்ளே வரும் ஹோஸில் கடல்நீர் எப்போதும் தேங்கி நிற்கும். அதில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் செத்து அழுகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். ஒரு வாரம் பூட்டிக் கிடந்த படகில் முதல் தடவை பம்ப் அடித்ததும் மூக்கைத் துளைப்பது இதுதான். கழிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது கழிவு ஹோஸே வாடை விடுவது. ரப்பர் வருஷக்கணக்கில் ஊறி, வாடையை வெளியே கசியவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஹோஸின் மேல் சுற்றி வைத்து, ஆறியதும் துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் வாடை ஏறியிருந்தால் அந்த ஹோஸ் முடிந்தது, கழுவிப் பயன் இல்லை. எங்கள் படகில் சுற்றிய துணி ஒவ்வொன்றிலும் வாடை ஏறியிருந்தது.

ஹோஸைக் கழற்றி நறுக்கிப் பார்த்தபோது உள்ளே 38 மி.மீ. விட்டம் ஒரு விரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கடல்நீரில் உள்ள கால்சியமும் சிறுநீரும் சேர்ந்து கல்லாக இறுகிவிடும். பம்ப் கனமாக இருக்கிறது என்று அத்தான் இரண்டு தடவை பம்பின் உள்பாகங்களை மாற்றியிருக்கிறார். பம்பில் ஒன்றும் இல்லை, குழாய்தான் அடைத்திருந்தது. இந்தக் கல் பிடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை வெள்ளை வினிகரை ஊற்றிச் சிறிது நேரம் நிற்கவிட்டு அலசலாம். ஆரம்பத்திலிருந்தே செய்தால்தான் பலன் உண்டு. இவ்வளவு இறுகிய பிறகு தூக்கிப் போடுவதுதான்.

டாய்லெட்டைத் தூக்கியதும் அடியில் ப்ளைவுட். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது. டாய்லெட்தான் கசிந்திருக்கிறது என்று அத்தான் சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை. கழிவறைக் கசிவு என்றால் அழுகல் டாய்லெட்டைச் சுற்றி வட்டமாக இருக்கும். இது வெளிச்சுவர் ஓரத்தில் தொடங்கி உள்ளே நகர்ந்திருந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த சமயம், தேடுவதற்கு நல்ல காலம். ஜன்னலுக்குக் கீழே, சட்டத்தின் ஓரமாக, டெக் சேரும் மூலையில் என்று டிஷ்யூ பேப்பரை ஒட்டிவைத்துவிட்டு, வெளியே ஹோஸ் பிடித்துக் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்தோம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. ஜன்னல் வரை ஒன்றும் நனையவில்லை. பக்கவாட்டு டெக்குக்கு வந்ததும் மூலையில் இருந்த பேப்பர் நனைந்தது. அந்தக் காலத்தில் தேக்கு டெக்கை ஸ்க்ரூ போட்டுத்தான் இறுக்கினார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலைக்கு மேலும் ஒரு சின்ன மர முளை. நாற்பது வருஷம் தேய்ந்து முளை மெலிந்து கழன்றால், மழைத்தண்ணீர் ஸ்க்ரூ வழியாக நேரே கீழே இறங்கும். குளியலறையைப் புதுப்பிக்க வந்தவர்கள் முதலில் டெக்கை அடைக்க வேண்டியதாயிற்று. அந்த ஓட்டையை விட்டுவிட்டு உள்ளே எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் இரண்டு மழைக்காலம் தாங்கியிருக்காது.

அழுகிய பலகையை நல்ல மரம் வரும் வரை வெட்டி எடுத்து, பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரத்து மரீன் ப்ளைவுட் வைத்தோம். வெட்டிய விளிம்புகளில் எபாக்ஸியை மூன்று தடவை பூசினேன். ப்ளைவுட் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் விளிம்பு வழியாகத்தான், முகத்தின் வழியாக இல்லை. ஸ்க்ரூ துளைகளுக்கும் அப்படியே: பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் மறுபடி துளை.

அப்புறம் சீகாக். ஹல்லின் அடியில் கடலுக்குத் திறக்கும் வால்வுகள் இவை. பின் குளியலறைக்கு மட்டும் மூன்று. யாரோ முந்தைய சொந்தக்காரர் ஒன்றில் சாதாரணப் பித்தளை கேட் வால்வு மாட்டியிருந்தார். கத்தியால் சுரண்டினேன், உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்; சுத்தியலால் தட்டினால் நொறுங்கும். படகில் இருக்கும் எல்லாரும் தூங்கும்போது அந்த ஒரு வால்வுதான் கடலை வெளியே நிறுத்துகிறது. உங்கள் படகில் குளியலறை வேலை ஒன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் பாருங்கள். வெண்கலமா, பித்தளையா, கைப்பிடி திரும்புகிறதா.

பின் குளியலறை டாய்லெட்டை நன்னீருக்கு மாற்றுவது என்று முடிவு செய்ததால் கடல்நீர் உள்ளே வரும் சீகாக் தேவையில்லாமல் போனது. படகைக் கரையேற்றி அந்தத் துளையை அடைத்தேன். இதில் சிலர் மரக்கட்டையை வைத்துப் பசை பூசிவிடுகிறார்கள். அது அடைப்பு இல்லை. ஹல்லின் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு தூரம் சரிவாகத் தேய்க்க வேண்டும். அந்த இடத்தில் 20 மி.மீ. தடிமன்; ஆகவே துளையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 240 மி.மீ. ஒரு சின்னத் துளைக்கு அரை மீட்டர் அகல வட்டம். அதில் கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியோடு அடுக்கடுக்காக வைத்து வந்தால்தான் பழைய ஹல்லோடு ஒன்றாகும். தேய்த்த தூசியில் இரண்டு நாள் உடம்பெல்லாம் அரித்தது. ஆனால் ஹல்லில் ஒரு ஓட்டை குறைந்தது.

நன்னீர் என்றதும் சிலர் பழைய கடல்நீர் டாய்லெட்டையே குடிதண்ணீர் லைனில் இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அழுத்தம் குறையும் ஒரு நொடியில் டாய்லெட் தண்ணீர் குடிநீர்த் தொட்டிக்குத் திரும்பி வரலாம். நன்னீருக்கென்றே செய்த, பின்னோட்டத்தைத் தடுக்கும் அமைப்போடு வரும் டாய்லெட்டைத்தான் வாங்க வேண்டும். நாங்கள் மின்சாரத்தில் அரைத்துத் தள்ளும் வகையை எடுத்தோம். 12 வோல்ட்டில் அது 20 ஆம்பியர் வரை இழுக்கும். பேனலிலிருந்து போய்வரும் கம்பி 10 மீட்டர். வோல்ட்டேஜ் இறக்கம் மூன்று சதவீதத்துக்குள் இருக்க 10 சதுர மி.மீ. கம்பி தேவைப்பட்டது, பழைய விளக்குக் கம்பியில் இணைத்திருந்தால் மோட்டார் முனகிக்கொண்டே நின்றிருக்கும். ஈயம் பூசிய செம்புக் கம்பியாக வாங்குங்கள். உப்புக் காற்றில் வெறும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துப் போகும்.

கழிவுத் தொட்டி பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இந்தப் படகில் முதலில் தொட்டியே கிடையாது, நேரே கடலுக்குத்தான். பெரிய கப்பல்களுக்கு, கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் நான்காம் இணைப்பு இருக்கிறது: 400 டன்னுக்கு மேல் அல்லது 15 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல், சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். எங்கள் படகு அந்தக் கணக்குக்குள் வராது. ஆனால் சிங்கப்பூர் ஜலசந்தியில் எங்கே போய் நின்றாலும் 12 மைலுக்குள் ஏதாவது ஒரு கரை இருக்கும். சிஸ்டர்ஸ் தீவுகளை 2014-ல் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே பவளம் இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டு, என் அக்கா பிள்ளைகள் குதித்து நீந்தும் தண்ணீரிலேயே கழிவைத் திறந்துவிட என்னால் முடியாது. அத்தானிடம் இதில் விவாதமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

150 லிட்டர் பாலிஎத்திலீன் தொட்டி வைத்தோம். அலுமினியம் மலிவாகக் கிடைத்தது. சிறுநீர் அதை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் கூட வெல்டிங் ஓரங்களில் ஓட்டையாவதைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். நிரம்பினால் 150 கிலோ என்பதால் படகின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைத்தேன், இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாயும். காற்றுக் குழாயை 16 மி.மீ.-க்குப் பதில் 25 மி.மீ. ஆக்கி, வளைவில்லாமல், முடிந்த அளவு குட்டையாக வெளியே கொண்டுபோனேன். தொட்டிக்குள் காற்று தாராளமாகப் போனால் நாற்றம் உண்டாக்காத நுண்ணுயிர்கள் பிழைக்கும். அடைத்து வைத்தால் நாற்றம் உண்டாக்குபவை பிழைக்கும். வாடைக்குப் பயந்து காற்றுக் குழாயைச் சிறிதாக்குவது தலைகீழ் வைத்தியம்.

குளிக்கும் இடத்தில் வேறொரு சிக்கல். பழைய ஷவர் தட்டு ஒரே வார்ப்பு. படகு கட்டும்போது மேல் டெக்கை மூடுவதற்கு முன்பே இறக்கிவிட்டிருக்கிறார்கள். இப்போது அறுத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. புதிதாக ஒரே துண்டில் செய்தால் கதவு வழியாக நுழையாது. அதனால் அட்டையை வெட்டி அளவெடுத்து, ப்ளைவுட்டை உள்ளேயே பொருத்தி, மேலே ஃபைபர்கிளாஸை அங்கேயே வார்த்தேன். எதை வாங்கும் முன்பும் படகின் மிகக் குறுகிய கதவை அளந்து அந்த எண்ணைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பலெஸ்டியர் சாலைக் கடைகளில் அழகான வாஷ்பேசின்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி எங்கள் படிக்கட்டைத் தாண்டாது.

முன்பு ஷவர் தண்ணீர் படகின் அடிப்பள்ளமான பில்ஜுக்குள் போய்க்கொண்டிருந்தது. சோப்பும் முடியும் அங்கே அழுகி அதுவும் ஒரு வாடை. இப்போது தனிப் பெட்டி, முடி வடிகட்டி, மிதவை ஸ்விட்ச், பம்ப். வடிகட்டியின் மூடி கண்ணாடி போல உள்ளே தெரியும் வகை. திறக்காமலேயே நிரம்பிவிட்டதா என்று பார்க்கலாம்.

காற்றோட்டத்துக்குக் கூரையில் சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன். சிங்கப்பூர் ஈரக்காற்றில் மூடிய அறை ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும். ஆனால் ஃபேன் மட்டும் போதாது. காற்று வெளியே போக வேண்டுமானால் உள்ளே வரவும் வழி வேண்டும். கதவின் கீழ்ப்பகுதியில் தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டுப் பொருத்தினோம். அந்த நாளிலிருந்து துண்டு காய்கிறது.

இனிமேல்தான் எல்லாரும் கேட்ட விஷயம். டைல்ஸ் போடவில்லை. 8 மி.மீ. போர்சலின் டைல் சதுர மீட்டருக்குச் சுமார் 18 கிலோ. பின் குளியலறைச் சுவர்கள் மட்டும் ஆறு சதுர மீட்டர், நூறு கிலோவுக்கு மேல். எடை ஒருபுறம் இருக்க, ஓடும் படகு நெளியும். டைலுக்கு நடுவே உள்ள பூச்சு அந்த நெளிவைத் தாங்காது, முடி போல விரிசல் விடும், தண்ணீர் பின்னால் போகும். மறுபடி அழுகல். பழைய மைக்காவைச் சூடுகாட்டி உரித்துவிட்டு, மங்கலான வெள்ளையில் புதிய மைக்கா ஒட்டினோம். மூலைகளில் சிலிக்கான் வேண்டாம் என்று தச்சரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் பெயிண்டும் ஒட்டாது, வார்னிஷும் ஒட்டாது. பாலியூரத்தேன் சீலண்ட்தான்.

தேக்கைப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம், இப்போது வெள்ளைதான் ஃபேஷன் என்று ஒருவர் அத்தானுக்கு யோசனை சொல்லியிருந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அலமாரிக் கதவு ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்து, மூலை இணைப்பைத் தடவிப் பாருங்கள் என்றேன். நாற்பது வருஷம் ஈரத்தில் இருந்தும் ஒரு நூல் இடைவெளி விடவில்லை. இதை ஜூரோங் பக்கம் யாரோ ஒரு தச்சர் உளியால் செதுக்கியிருக்கிறார். இன்றைக்கு இந்த வேலைக்கு ஆள் தேடினால் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட கைவேலையின் மேல் பெயிண்ட் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன். கறுப்புக் கறைகள் இரும்பும் தேக்கின் சாறும் ஈரத்தில் சேர்ந்து வந்தவை. ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துப் பூசினால் நம் கண்ணெதிரே வெளுக்கும். நஞ்சு, கையுறை அவசியம், பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். அப்புறம் உப்புத்தாள், மேலே எட்டு கோட் வார்னிஷ், கடைசி இரண்டும் பளபளப்புக் குறைந்தது. தச்சர் ஜோகூரிலிருந்து வந்த சீனர், வயதானவர். வார்னிஷ் அவர்தான் அடித்தார். என்னைத் தூரிகையைத் தொடவே விடவில்லை.

அக்காவுக்காக டாய்லெட்டை மேடை கட்டி 430 மி.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கைப்பிடிகள்: ஒன்று உட்காரும்போது வலது கைக்கு, ஒன்று ஷவரிலிருந்து வெளியே வரும் இடத்தில். இரண்டும் சுவரை ஊடுருவிய போல்ட், பின்னால் தகடு. ஸ்க்ரூ போட்ட கைப்பிடி அலையில் ஆள் எடையைத் தாங்காது. மேடை விளிம்புகள் எல்லாம் உருட்டி விட்டது. முகம் பார்க்கும் கண்ணாடி அக்ரிலிக்.

முன் குளியலறையிலும் அத்தான் மின்சார டாய்லெட்தான் கேட்டார். அங்கே கைப்பம்ப் டாய்லெட்டே இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பேட்டரி இறங்கிவிட்டால், நன்னீர் தீர்ந்துவிட்டால், படகில் ஒன்றாவது வேலை செய்ய வேண்டும். கடல்நீர் சீகாக்கை அங்கே புதிய வெண்கலத்தில் மாற்றி, ஹோஸை நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்தி வளைத்து, உச்சியில் காற்று வால்வு வைத்தேன். அந்த வளைவு இல்லாவிட்டால் கிண்ணம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகில் கடல் தானாகவே உறிஞ்சி உள்ளே வரும். ஜெட்டியில் கட்டிய படகுகள் மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கழிவு புதுத் தொட்டிக்கே போகும். வாரம் பூட்டி வைக்கும் முன் ஒரு வாளி நன்னீரை ஊற்றிப் பம்ப் அடித்துவிடுகிறோம். கிண்ணத்திலிருந்து தொட்டி வரை உள்ள பாதை சுத்தமாக இருக்கும். உள்ளே வரும் ஹோஸுக்கு இந்த வாளித் தண்ணீர் போய்ச் சேராது. சீகாக்கை மூடிவிட்டு, அந்த ஹோஸைக் கழற்றி நன்னீர் வாளியில் போட்டுப் பம்ப் அடித்தால்தான் அதுவும் சுத்தமாகும். அதற்காகவே கை எட்டும் இடத்தில் இணைப்பை வைத்திருக்கிறேன். கழிவு திரும்பி வராமல் தடுக்கும் வாத்து மூக்கு போன்ற அந்த ரப்பர் வால்வு மட்டும் ஆறு மாதத்தில் தளரும். அதில் இரண்டு வாங்கி, தேவையான ஸ்பேனரோடு சேர்த்து, சிங்க்குக்குக் கீழே பையில் வைத்திருக்கிறேன். கிண்ணத்தில் பழுப்புத் தண்ணீர் மெல்ல ஏற ஆரம்பித்தால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இருபது நிமிஷ வேலை, அத்தானுக்கும் செய்து காட்டியிருக்கிறேன்.